வளையத்துக்குக் கீழே நான்கு நாற்காலிகள்

தண்ணீர் நடுங்கியது.

நான்தான் மேசையை இடித்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். முழங்கையை எடுத்தேன். மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தேன். டம்ளர் தண்ணீருக்குள் தெரிந்த விளக்கின் வெள்ளை வளையம் மறுபடியும் சிலிர்த்தது.

உணவகங்களுக்குக் கூரை விளக்குகளை வடிவமைப்பது என் தொழில். நான் வரைவேன், அண்ணன் மாட்டுவான். திறப்பு நாளன்று மத்தியானம் ஒவ்வொரு நாற்காலியிலும் நான் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம். எதிரே ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர். விளக்கு கண்ணில் குத்துகிறதா, எதிரில் இருப்பவரின் மூக்கு நிழல் மீசை மாதிரி விழுகிறதா, தட்டில் இருப்பது நேற்றுச் சமைத்தது போலத் தெரிகிறதா, எல்லாம் உட்கார்ந்தால்தான் தெரியும். நின்று பார்த்தால் உலகத்தில் எல்லா விளக்கும் அழகு.

"எங்க பாப்பா சாப்பிடாமலே எல்லா டேபிள்லயும் உக்காந்து எழுந்திடுவா" என்று அண்ணன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான். பாப்பாவுக்கு முன்நெற்றியில் நரை வந்தாகிவிட்டது. அதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியாது.

அண்ணாந்து பார்த்தேன். வளையம் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலைவிட அகலம், உள்ளே முழுக்க இரும்புச் சட்டம், வெளியே பித்தளை நிறத் தகடு. மூன்று ஸ்டீல் கயிறுகள் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. கயிறுகள் கூரைப் பலகையின் ஓட்டைகள் வழியாக மேலே போய் மறைந்தன.

என் வரைபடத்தில் அது ஹாலின் நடுவில் இருந்தது. இப்போது ஜன்னலோரம் இருந்தது. ஒரு வாரமாக நான் வெளியூரில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். காலையில் உள்ளே நுழைந்ததும் கேட்டேன். "ஓனர் பெரிய டேபிளை ஜன்னல் பக்கம் கேட்டார், வளையத்தையும் கூடவே நகர்த்திட்டோம்" என்று அண்ணன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மேசைக்கு நேர் நடுவில் விளக்கு தொங்க வேண்டும், விரல் அகலம் விலகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். மேசை நகர்ந்தால் விளக்கும் நகரும். எங்கள் தொழிலில் யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம் அது.

யோசிக்காமல்தான் நானும் விட்டுவிட்டேன். இப்போது தண்ணீரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஜன்னல் பக்கம் கூரைப் பலகைக்கு மேலே ஏசி டக்ட் ஓடுகிறது. ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பெரிய தகரப் பெட்டி, சுவர் முழுக்க நீளம். அதைக் கழற்றாமல் அதற்கு மேலே இருக்கும் கான்கிரீட்டை யாராலும் தொட முடியாது. கான்கிரீட்டைத் தொடாமல் இந்த வளையத்தை எதில் மாட்டினார்கள்?

பக்கத்தில் ஏணி நின்றுகொண்டிருந்தான். ஏணி என்பது எங்கள் எலக்ட்ரீஷியனின் பட்டப்பெயர். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

"ஏணி, இது மேல எதுல நிக்குது?"

"கூரையிலதான்கா."

"கூரையில எதுல?"

அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணன் காட்டின இடத்துல மாட்டினேன். ஏணி என்னைக்காவது என்னை எங்க சாத்தறீங்கன்னு கேட்டிருக்கா?"

"காதுல பூ சுத்தாதே. பக்கத்துல இருக்கிற சின்ன லைட்டைக் கழட்டு."

கூரையில் பதித்த சின்ன விளக்குகளுக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் உண்டு, இழுத்தால் கையோடு வரும். ஏணி இழுத்தான். நான் அங்கே நின்ற மடக்குப் படிமேல் ஏறி, அந்த ஓட்டைக்குள் செல்போனை நுழைத்து, விளக்கைப் போட்டு, வீடியோ எடுத்தேன். இறங்கி வந்து பார்த்தேன்.

இரண்டு கயிறுகள் டக்டின் வயிற்றைத் தாங்கும் இரும்புப் பட்டையில் சுற்றப்பட்டிருந்தன. மூன்றாவது கயிறு, கூரைப் பலகையைப் பிடித்திருக்கும் சன்னத் தகரச் சட்டத்தில், ஒற்றைத் திருகாணியில். ஏசி ஓடும்போதெல்லாம் டக்ட் உதறியது. டக்ட் உதறும்போதெல்லாம் கயிறு பட்டையில் தேய்ந்து தேய்ந்து நகர்ந்தது. வீடியோவிலேயே நகர்ந்தது.

எனக்குக் காது மடல் சுட்டது.

அண்ணன் சமையலறைக்குப் போகும் நடையில் நின்று யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"வளையத்தை எதுல மாட்டியிருக்கே?"

"மேலதான். என்ன பாப்பா, முதல்ல காபி கவுண்டர் லைட்டைப் பாரேன், ஒரே மஞ்சளா..."

வீடியோவை அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதாவது அவனுக்குத் தெரியும்.

"பட்டை ஸ்ட்ராங்கா இருக்கு" என்றான்.

"டக்டைத் தாங்க ஸ்ட்ராங். வளையத்தையும் சேர்த்துத் தாங்கவா?"

"நானே தொங்கிப் பார்த்தேன்."

"நீயா? மூணாவது படி ஏறினாலே உனக்குத் தலை சுத்தும். யார்கிட்ட சொல்றே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. தற்காலிகம்தான். இன்னிக்குத் திறப்பு முடியட்டும். அடுத்த வாரம் ஏசி ஆளைக் கூப்பிட்டு, டக்டை இறக்கி, ஒழுங்கா போல்ட் போட்டுடலாம்."

"அடுத்த வாரம் வரைக்கும் அதுக்குக் கீழ யார் உக்காருவா? நீயா?"

"கத்தாதே. இந்த ஆள் இன்னும் மூணு இடத்துல கடை திறக்கப் போறான். மூணும் நமக்குன்னு வாக்கு கொடுத்திருக்கான். இன்னிக்கு நீ வாயைத் திறந்தா மூணும் போச்சு. உனக்கு வரைஞ்சு கொடுத்துட்டுப் போயிடலாம். ஆள் வெச்சு வேலை வாங்கறவன் நான்."

"அப்போ இறக்கு. இப்பவே."

"எதை இறக்கறது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

குரலுக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. உணவக முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட். அவர் ஒரு அறைக்குள் வந்துவிட்டுப் போனால் அங்கே அரை நாளைக்குச் சாப்பாட்டு மணம் எடுபடாது. உணவகம் நடத்துகிறவருக்கு இது எப்படிப்பட்ட பழக்கம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

வீடியோவை அவரிடம் காட்டினேன். அவர் அதைப் பூனைக்குட்டி வீடியோ பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மேடம், இது விழும்னு நிச்சயமா சொல்றீங்களா?"

"விழாதுன்னு நீங்க நிச்சயமா சொல்லுங்க."

"போட்டு நாலஞ்சு நாள் ஆச்சு. விழலையே."

"கீழ ஆள் உக்காரலையே."

"அழைப்புல அச்சடிச்சிருக்கிறதே இந்த வளையம்தான் மேடம். வர்றவங்க அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்கத்தான் வர்றாங்க. இப்பப் போய் அதை இறக்கினா, கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையை அனுப்பி வெச்ச மாதிரி." அவரே சிரித்துக்கொண்டார். அண்ணனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

நான் சிரிக்காததைப் பார்த்துச் சென்ட் இறங்கி வந்தார். "சரி, உங்க மனசுக்காக. அந்த டேபிள்ல இன்னிக்கு யாரும் உக்கார மாட்டாங்க. முன்பதிவுன்னு ஒரு அட்டை வெச்சிடறேன். கயிறு கட்டி அடைச்ச மாதிரி வெச்சுக்கோங்க. போதுமா?"

"ஏசியை அந்தப் பக்கம் அணைக்கணும்."

"அணைச்சாச்சு."

நம்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நம்பினேன். நம்பாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பது வேறு. அந்த வளையத்தை நான் ஒருத்தியாக இறக்க முடியாது, ஏணியின் கை அண்ணனின் கண்ணசைவுக்குக் காத்திருக்கும் கை. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. காபி கவுண்டர் ஓரத்தில் ஒரு உயர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கதவு திறந்தது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் முதலில் மேலே பார்த்தார்கள், பிறகு செல்போனை எடுத்தார்கள். நான் வரைந்த விளக்குகள்தான், மரப் பட்டைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு, மேசைமேல் மட்டும் விழுந்து, எல்லார் முகத்தையும் ஐந்து வயது குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தன. வேறொரு நாளாக இருந்தால் எனக்குத் தலைகால் புரிந்திருக்காது.

அண்ணியும் அவள் மகள் குட்டியும் வந்தார்கள். அண்ணி வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், பேருந்து நெரிசலில் தலை கலைந்திருந்தது. சென்ட் ஓடிப்போய் வரவேற்றார். "இந்த ஹாலுக்கே வெளிச்சம் கொடுத்தவரோட குடும்பம். உங்களுக்கு நல்ல இடமாத் தர வேண்டாமா?"

அவர் கை நீட்டிய இடம் ஜன்னலோர மேசை. முன்பதிவு அட்டையை அவரே எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

நான் நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் அண்ணன் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வந்துவிட்டான். அவன் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு பரிசாரகர் கையிலிருந்த தட்டு சாய்ந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியை நாற்காலியிலிருந்து தூக்கினான்.

"இங்க வேண்டாம். ஏசி நேரா அடிக்குது. குட்டிக்குச் சளி பிடிச்சுக்கும்."

"அவளுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கா" என்றாள் அண்ணி.

"சொன்னாக் கேளேன். அந்த மூலை டேபிள் நல்லா இருக்கும்."

அழைத்துக்கொண்டு போய், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், ஹாலிலேயே மோசமான மேசையில் இருவரையும் உட்கார வைத்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்தான். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

சரி, இப்போதாவது அந்த மேசையை மூடுவான் என்று காத்திருந்தேன்.

மூடவில்லை. அடுத்து வந்த நான்கு பெண்கள் அங்கே உட்கார்ந்தார்கள். ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. ஒருத்திக்குப் பதவி உயர்வு போலிருக்கிறது, மற்ற மூவரும் அவளைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். "இனிமே எங்களையெல்லாம் பார்த்தா தெரியுமா மேனேஜரம்மா?" என்றாள் ஒருத்தி. தலைக்கு மேலே வளையம் வரும்படி நால்வரும் ஒட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள்.

அண்ணன் பார்த்தான். அதே இடத்தில் நின்று பார்த்தான். அசையவில்லை.

இப்போது ஏசி ஓடியது. கூட்டம் சேர்ந்து புழுங்கியதும் யாரோ போட்டுவிட்டிருந்தார்கள்.

நான் போனேன். "மன்னிச்சுக்கோங்க, உங்களை வேற டேபிளுக்கு மாத்தணும்."

"ஏங்க? நாங்க இந்த டேபிள்தான் வேணும்னு கேட்டு வாங்கினோமே" என்றாள் மேனேஜரம்மா.

"மேல இருக்கிற விளக்கு சரியா மாட்டலை."

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க அது கோட்டைக் கதவு மாதிரி உறுதியாகத்தான் இருந்தது. அதற்குள் வாசனை என் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது.

"இவங்கதான் எங்க லைட் டிசைனர்" என்றார் சென்ட் தேன் வடிய. "கலை மனசு இல்லையா, கொஞ்சம் படபடப்பு அதிகம். ஒரு மயிரிழை கோணலா இருந்தாலும் தாங்க மாட்டாங்க. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க." என் முழங்கையைப் பிடித்தார். பிடி இறுகியது. "மேடம், வெளிய போய்ப் பேசலாம்."

நான் கையை உதறினேன். வெளியே போகவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த விளக்குப் பலகைக்குப் போனேன்.

எல்லா உணவகத்திலும் கடை மூடியபின் தரை துடைப்பதற்கென்று ஒரு வெளிச்சம் வைப்போம். எல்லா விளக்கும் முழு வீச்சில். வாடிக்கையாளர் இருக்கும்போது அதை யாரும் தொடவே மாட்டார்கள். நான் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

ஹால் வெளுத்துப்போனது. சுவரில் பூச்சு விட்டுப்போன இடம், மேசைக்கு அடியில் கிடந்த துணி, சாயம் பூசிய மீசைகள், எல்லாம் தெரிந்தன. பேச்சு நின்றது. கரண்டிச் சத்தம்கூட நின்றது.

"அந்த ஜன்னலோர மேசைக்கு மேல இருக்கிற வளையம் கான்கிரீட்டுல மாட்டலை" என்றேன். குரல் நடுங்கவில்லை, அதற்குக் காரணம் தைரியம் இல்லை, கோபம். "ஏசி டக்டுல கட்டித் தொங்க விட்டிருக்காங்க. ஏசி ஓட ஓடக் கயிறு நகருது. என் போன்ல இருக்கு, யார் வேணா வந்து பாருங்க. அந்த நாலு பேரும் தயவுசெய்து எழுந்திரிங்க."

"பைத்தியமா இவங்களுக்கு?" என்றார் சென்ட், எல்லாரையும் பார்த்து. பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "மாட்டினவரே இங்கதான் இருக்கார். இவங்க கூடப் பிறந்த அண்ணன். அவரையே கேட்டுடலாம். சார், சொல்லுங்க, விளக்கு பத்திரமா இருக்கா இல்லையா?"

மொத்த ஹாலும் அண்ணனைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஒரு தலையசைப்பு போதும். 'இல்லை' என்று இப்படி ஒரு அசைப்பு. அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

அவன் தொண்டையைச் செருமினான். "பத்திரமாத்தான் இருக்கு."

என் வாழ்நாளில் யாரையும் அடிக்க வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்டதில்லை.

"அப்போ எங்களை ஏன் அங்கேருந்து எழுப்பினீங்க?"

கேட்டது அண்ணி. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலிருந்து. கத்தவில்லை, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கிற குரல்தான்.

"அதான் சொன்னேனே... ஏசி... குட்டிக்குச் சளி..."

"அவளுக்குச் சளி இல்லை."

"பிடிச்சுக்கும்னு..."

"சரி." அண்ணி எழுந்தாள். குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்திரமா இருக்குன்னா நாங்க அங்கேயே உக்கார்ந்துக்கறோம். இங்க நாத்தம் தாங்கலை."

அவள் நடந்தாள். மேசைகளுக்கு நடுவில், யாரையும் பார்க்காமல், அந்த நான்கு பெண்களின் மேசையை நோக்கி. "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்று மேனேஜரம்மாவிடம் சொல்லி, பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வளையத்துக்கு நேர் கீழே போட்டாள். குட்டியை அதில் உட்கார வைக்கக் குனிந்தாள்.

"வேண்டாம்!"

அது என் அண்ணனின் குரல் மாதிரியே இல்லை. ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்து, மகளை மார்போடு அள்ளிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். எதிர்ச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கு பெண்களும் பையையும் செல்போனையும் வாரிக்கொண்டு விலகினார்கள். மேனேஜரம்மா மட்டும் அண்ணனைத் தாண்டிப் போகும்போது நின்றாள். எதுவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் மார்பில் முகம் புதைத்திருந்த குட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனாள். சொல்லியிருக்கலாம்.

பாதிச் சாப்பாட்டில் ஹால் காலியானது. சென்ட் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்டார். பிறகு எங்களிடம் வந்தார். "அதைக் கழட்டி எடுத்துக்கிட்டு, ரெண்டு பேரும் இந்தத் தெருப் பக்கமே வராதீங்க" என்றார். அப்போதுகூட அவர் கோபம் அந்த விளக்கு விழுந்திருக்கும் என்பதில் இல்லை.

ஏணியும், சமையலறையிலிருந்து வந்த இரண்டு பேரும், அண்ணனும் சேர்ந்து வளையத்தை இறக்கினார்கள். நான் ஏசியை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். அது விழுந்திருக்குமா? தெரியாது. இன்றைக்கே விழுந்திருக்கலாம், பத்து வருடம் தொங்கியிருக்கலாம். பத்து வருடம் தொங்கியிருந்தால் "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று அவன் ஒவ்வொரு வருடமும் சொல்லிக் காட்டியிருப்பான். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

வேனுக்குப் பக்கத்தில், நடைபாதையில் வளையத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சமையலறை ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"இப்பத் திருப்தியா? மூணு கடை போச்சு. இருக்கிற பேரும் போச்சு."

"அந்த நாலு பொண்ணுங்க அங்க உக்காந்தப்போ நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன், தெரியுமா?"

அதை அவன் ஒரு நியாயமாகச் சொன்னான். கொஞ்சம் வருத்தத்தோடு. நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்துச் சொன்னான்.

"குட்டிக்கும் வேண்டிக்கிட்டு அங்கேயே விட்டிருக்க வேண்டியதுதானே?"

அவன் குனிந்து வளையத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். தூக்கினான். மறுபக்கம் நடைபாதைக் கல்லில் உரசி, தகடு கீறிச் சத்தம் போட்டது.

"ஏணி, ஒரு கை கொடு."

ஏணி வேனின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு முதுகு பிடிச்சிருக்கு அண்ணே" என்றான். அன்று முழுக்க அவன் சொன்னதில் அதுதான் எனக்குப் பிடித்த பொய்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"நாளையிலேருந்து உனக்கு வரைஞ்சு தர வேற ஆளைப் பார்த்துக்கோ" என்றேன். "நான் வரையறதை இனிமே நீ மாட்ட வேண்டாம்."

"கோபத்துல பேசாதே."

"கோபத்துலதான் பேசறேன். நாளைக்கும் இதே கோபம்தான் இருக்கும்."

அண்ணி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வேனின் முன் கதவு அவளுக்காகத் திறந்து கிடந்தது. அவள் அதைத் தாண்டி, எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க போறே?" என்றான் அண்ணன், வளையத்தை இன்னும் ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி.

அவள் என்னிடம் சொன்னாள்: "காரைத் திற. புள்ளை தூங்கிட்டா, கை வலிக்குது."